மனம் வாடினால் தோலும் வாடும்

நாம் தினமும் பேசும் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள்.

"பயத்தில் முகம் வெளுத்துப் போச்சு."

"கோபத்தில் முகம் சிவந்து போச்சு."

"அதிகாரி கூப்பிட்டதும் வியர்த்துக் கொட்டியது."

"கேட்டதும் உடம்பெல்லாம் புல்லரித்தது."

"கவலையில் கண்ணைச் சுற்றிக் கருத்துவிட்டாள்."

பயம், கோபம், கவலை எல்லாம் மனதில் வருபவை. ஆனால் அவை வெளியே தெரிவது எங்கே? தோலில்தான். மனதுக்கும் தோலுக்கும் உறவு உண்டு என்பதை நம் முன்னோர் பேச்சிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மருத்துவ அறிவியலும் இதையே சொல்கிறது. குழந்தை தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது அதில் மூன்று அடுக்குகள் உண்டாகின்றன. அவற்றில் வெளி அடுக்கிலிருந்துதான் மேல்தோல் வருகிறது. அதே அடுக்கிலிருந்துதான் மூளையும் நரம்பும் வருகின்றன. அதாவது, தோலும் மூளையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல. ஒன்று வருந்தினால் மற்றது அறியும்.

இந்தப் பாடத்தில் மூன்று செய்திகளைப் படிப்போம். மன அழுத்தம் தோலையும் உடலையும் எப்படித் தாக்குகிறது? எந்தத் தோல் நோய்க்குக் கவலை காரணம் இல்லை? கவலையைக் குறைக்க என்ன செய்யலாம்?

தோல் செய்யும் வேலை

தோல் நம் உடலின் மிகப் பெரிய உறுப்பு. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்தால், ஓர் ஆள் படுக்கும் பாய் அளவு வரும்.

தோல் வெயிலையும் தூசியையும் தடுக்கிறது. கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. உடலில் உள்ள நீர் வற்றாமல் பார்த்துக்கொள்கிறது. வெப்பம் கூடினால் வியர்வையை விட்டு உடலைக் குளிர வைக்கிறது. சூடு, குளிர், வலி, தொடுதல் எல்லாவற்றையும் மூளைக்குத் தெரிவிக்கிறது.

மேல்தோல் ஓயாமல் புதிதாகிறது. பழைய தோல் உதிர்கிறது. அடியிலிருந்து புதுத் தோல் வருகிறது. இது ஒரு முறை நடந்து முடிய ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். இந்த வேலை ஒழுங்காக நடக்க நல்ல உணவு வேண்டும். தூக்கம் வேண்டும். மன அமைதியும் வேண்டும்.

நாய் துரத்தினால்

இருட்டில் நடந்து போகிறீர்கள். திடீரென்று ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்கிறது. உடலில் என்ன நடக்கிறது?

நெஞ்சு படபடக்கிறது. மூச்சு வேகமாகிறது. கை வியர்க்கிறது. தசைகள் முறுக்கேறுகின்றன. வாய் உலர்கிறது. எங்கிருந்தோ ஒரு வேகம் வருகிறது. ஓடித் தப்பிவிடுகிறீர்கள்.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி போல ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. ஆபத்து வந்தால் மூளை அந்தச் சுரப்பிகளுக்குக் கட்டளை இடும். அவை அட்ரினலின், கார்டிசால் என்ற இரண்டு பொருள்களை இரத்தத்தில் விடும். அட்ரினலின் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். கார்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அந்தச் சர்க்கரைதான் ஓடுவதற்கான எரிபொருள்.

நாய் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடிக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்குகிறது. உடல் பழைய நிலைக்கு வருகிறது. இந்த ஏற்பாடு நல்லது. நம்மைக் காப்பாற்றுகிறது.

நாய் போகவே இல்லை என்றால்?

கடன்காரர் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். வேலையில் தினமும் திட்டு விழுகிறது. கணவர் குடித்துவிட்டு வருகிறார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வழி இல்லை. இவையும் துரத்தும் நாய்கள்தான். ஆனால் இவை ஐந்து நிமிடத்தில் போவதில்லை. மாதக் கணக்கில் துரத்துகின்றன.

அப்போது உடல் எந்நேரமும் ஓடத் தயாராகவே நிற்கிறது. அடுப்பை அணைக்காமல் எரியவிட்டால் என்ன ஆகும்? பாத்திரம் அடிப்பிடிக்கும். உடலும் அப்படித்தான்.

கனடா நாட்டின் மான்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் இருந்தார். அவர் இதைப் பற்றி 1936-ல் எழுதினார். துன்பம் எதுவானாலும் உடல் ஒரே விதமாகத் தவிக்கிறது, துன்பம் நீண்டால் உடல் களைத்துப் போகிறது என்று அவர் கண்டார். இந்தத் தவிப்பைத்தான் இன்று மன அழுத்தம் என்கிறோம். 'ஸ்ட்ரெஸ்', 'டென்ஷன்' என்று பலரும் சொல்வது இதைத்தான்.

நீண்ட நாள் மன அழுத்தம் என்னென்ன செய்யும்?

• தூக்கம் கெடும்.
• தலைவலி, கழுத்துவலி, முதுகுவலி வரும்.
• பசி குறையும். சிலருக்குப் பசி கூடும்.
• வயிறு கெடும்.
• மாதவிலக்கு முறை தவறும்.
• இரத்த அழுத்தம் கூடும்.
• சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை ஏறும்.
• நோயை எதிர்க்கும் ஆற்றல் குறையும்.
• தோலில் அரிப்பு, தடிப்பு, முகப்பரு கூடும்.

செல்வியின் கழுத்து

செல்வி என்று ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். இது கற்பனைக் கதை. ஆனால் இப்படி வாழ்பவர்கள் பலர்.

செல்விக்கு வயது 34. பெங்களூருவில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள். பிறந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கணவர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறார். ஒரு நாள் வேலை இருக்கும், ஒரு நாள் இருக்காது. இரண்டு பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள்.

தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சட்டை என்று கணக்கு. கணக்கு குறைந்தால் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் திட்டுவார். தண்ணீர் குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். போனால் கணக்கு குறையும். அதனால் செல்வி தண்ணீரே குடிப்பதில்லை.

போன வருடம் மாமியாருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு 20,000 ரூபாய் கடன் வாங்கினார்கள். அன்று முதல் செல்விக்கு இரவில் தூக்கம் இல்லை. பின்கழுத்தில் அரிப்பு தொடங்கியது. வேலை நேரத்தில் பெரிதாகத் தெரியாது. இரவு படுத்தவுடன் அரிக்கும். சொறிந்தால் சுகமாக இருக்கும். சொறிந்து சொறிந்து அந்த இடத்துத் தோல் கருத்தது. யானைத் தோல் போலத் தடித்தது.

பக்கத்து வீட்டு மல்லிகா சொன்னாள்: "பித்தம்தான் செல்வி. கத்தரிக்காயும் கருவாடும் தின்னாதே."

செல்வி இரண்டையும் விட்டாள். அரிப்பு விடவில்லை.

மருந்துக் கடையில் கேட்டாள். ஒரு களிம்பு கொடுத்தார்கள். தடவியதும் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாக வந்தது. இப்படி நான்கு மாதம் போனது.

கடைசியில் அந்தப் பகுதி ஆஷா பணியாளர் செல்வியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தோல் மருத்துவர் கன்னடத்தில் பேசினார். செல்விக்கும் கன்னடம் வரும். அவர்கள் பேசியது இது:

மருத்துவர்: வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா அம்மா?

செல்வி: இல்லை டாக்டர். எனக்கு மட்டும்தான்.

மருத்துவர்: விரல் இடுக்கில் அரிக்கிறதா? கழுத்தில் கவரிங் சங்கிலி போடுகிறீர்களா?

செல்வி: இல்லைங்க. மஞ்சள் கயிறு மட்டும்தான்.

மருத்துவர்: கண்ணை மூடுங்கள். இந்த இடத்தில் பஞ்சு படுவது தெரிகிறதா?

செல்வி: தெரியுதுங்க.

மருத்துவர்: நல்லது. சர்க்கரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். என்ன களிம்பு தடவினீர்கள்? டியூபைக் காட்டுங்கள்.

(செல்வி காட்டினாள். மருத்துவர் படித்துப் பார்த்தார்.)

மருத்துவர்: இதில் ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை மட்டும் தடவ வேண்டும். இஷ்டத்துக்குத் தடவினால் தோல் மெலிந்து போகும். சரி, இரவில் தூங்குகிறீர்களா?

செல்வி பதில் சொல்லவில்லை. கண் கலங்கியது. பிறகு கடன், வேலை, திட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

மருத்துவர்: உங்கள் அரிப்பு பொய் இல்லை அம்மா. தோலில் உண்மையாகவே நோய் இருக்கிறது. கவலை அதைக் கூட்டுகிறது. மருந்து தருகிறேன். ஆனால் மருந்து பாதிதான். சொறிவதையும் நிறுத்த வேண்டும். கவலைக்கும் வழி தேட வேண்டும்.

அரிப்பு என்னும் செக்கு

மருத்துவர் சொன்னதை விளங்கிக்கொள்வோம்.

கவலை வந்தால் அரிப்பு கூடும். அரித்தால் சொறிவோம். சொறிந்தால் தோல் புண்ணாகும், தடிக்கும். தடித்த தோல் இன்னும் அரிக்கும். அரித்தால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் கவலை கூடும். செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும்.

இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். அரிப்பு வந்தால் சொறியாமல், ஈரத் துணியை அந்த இடத்தில் சிறிது நேரம் வையுங்கள். அல்லது உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தூக்கத்தில் சொறிந்தாலும் புண் ஆகாது.

மன அழுத்தத்தால் கூடும் தோல் தொல்லைகள் வேறு சிலவும் உண்டு:

கரப்பான்: தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும்.

சொரியாசிஸ்: தோல் தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். இது தொற்று நோய் இல்லை. தொட்டால் ஒட்டாது.

தடிப்பு: திடீரென்று உடலில் தடித்து அரிக்கும். சில மணி நேரத்தில் மறைந்து வேறு இடத்தில் வரும். 'காணாக்கடி' என்றும் சொல்வார்கள்.

முடி உதிர்தல்: கடுமையான காய்ச்சல், பிரசவம், பெரிய துக்கம் ஆகியவற்றுக்குப் பிறகு 2 அல்லது 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரலாம். பெரும்பாலும் மீண்டும் வளரும். பயப்பட வேண்டாம்.

காயமும் தாமதமாக ஆறும்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1995-ல் வெளிவந்தது.

13 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் அவர்கள். இரவும் பகலும் ஓய்வில்லாத வேலை. அதே வயதில், அப்படிப்பட்ட சுமை இல்லாத 13 பெண்களையும் தேர்ந்தெடுத்தார்கள். எல்லார் கையிலும் ஒரே அளவில் சிறு காயம் செய்தார்கள். அது எப்போது ஆறுகிறது என்று கவனித்தார்கள்.

சுமை இல்லாத பெண்களுக்குக் காயம் சராசரியாக 39 நாளில் ஆறியது. சுமை உள்ள பெண்களுக்கு ஏறக்குறைய 49 நாள் ஆனது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். "அவள் கல்லு மாதிரி இருக்கிறாள்" என்று விட்டுவிடக்கூடாது.

எல்லாம் கவலையால் வருவதில்லை

தோலில் எது வந்தாலும் "கவலைதான் காரணம்" என்று இருந்துவிடக்கூடாது. கீழே சொன்னவற்றுக்குக் காரணம் வேறு. மருந்தும் வேறு.

சிரங்கு: கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் அதிகம் அரிக்கும். வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஒருவர் மட்டும் போட்டால் திரும்ப வரும். துணியையும் போர்வையையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும்.

படர்தாமரை: காளானால் வருகிறது. வட்டமாகப் படரும். இதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவினால் முதலில் அடங்குவது போல இருக்கும். பிறகு மேலும் படரும்.

தொழுநோய்: தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் வரும். அந்த இடத்தில் தொட்டால் உணர்வு இருக்காது. இது கிருமியால் வருகிறது. சாபத்தால் வருவதில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். 6 மாதம் அல்லது 12 மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சீக்கிரம் தொடங்கினால் கை கால் ஊனத்தைத் தவிர்க்கலாம்.

வெண்புள்ளி: தோலில் நிறம் போய் வெள்ளையாகும். இது தொழுநோய் இல்லை. யாருக்கும் ஒட்டாது. இவர்களோடு சேர்ந்து சாப்பிடலாம். திருமண உறவும் வைத்துக்கொள்ளலாம்.

தோல் நோய் உள்ளவரை ஒதுக்கினால் அவருடைய மனம் நோகும். மனம் நொந்தால் சிலருக்கு நோய் கூடும். ஊராரின் ஒரு பார்வைகூட ஒருவரின் நோயைக் கூட்டலாம். இதை மறக்க வேண்டாம்.

மருந்து வாங்கும்போது அட்டையையும் டியூபையும் படித்துப் பாருங்கள். சிவப்புக் கோடு போட்டிருந்தால், அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. நீங்கள் கற்ற எழுத்து உங்கள் தோலைக் காக்கும்.

கவலையைக் குறைக்கும் வழிகள்

1. பேசுங்கள்

நம்பிக்கையான ஒருவரிடம் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள். அக்காவோ, தோழியோ, கணவரோ, யாராகவும் இருக்கலாம். சொன்னவுடன் சிக்கல் தீராது. ஆனால் சுமை இரண்டு தோளுக்கு மாறும். யாராவது உங்களிடம் சொன்னால், உடனே புத்தி சொல்லாதீர்கள். முதலில் கேளுங்கள்.

2. எழுதுங்கள்

மனதில் இருக்கும் கவலை இருட்டில் தெரியும் பேய் போல. எழுதிப் பார்த்தால் அதன் உயரம் தெரிந்துவிடும். செல்வி தன் கடனை மகளின் நோட்டில் எழுதினாள்:

கடன்: 20,000 ரூபாய்.
வட்டி: நூற்றுக்கு மாதம் 5 ரூபாய்.
மாத வட்டி: 1,000 ரூபாய்.
ஒரு வருடம் கட்டிய வட்டி: 12,000 ரூபாய்.
பாக்கிக் கடன்: 20,000 ரூபாய்.

செல்வி கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 12,000 ரூபாய் கட்டியும் கடனில் ஒரு ரூபாய் குறையவில்லை!

அந்த நோட்டை மகளிர் குழுவில் காட்டினாள். அவர்கள் குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய்தான் வட்டி. குழு 20,000 ரூபாய் கொடுத்தது. பழைய கடனை அடைத்தாள். இப்போது மாதம் 1,000 ரூபாய் அசலும், மீதிக் கடனுக்கு வட்டியும் கட்டுகிறாள். முதல் மாதம் 1,200 ரூபாய். பிறகு மாதாமாதம் 10 ரூபாய் குறையும். 20 மாதத்தில் கடன் முடியும். மொத்த வட்டி 2,100 ரூபாய். பழைய கடனே இருந்திருந்தால் அந்த 20 மாதத்துக்கு வட்டி மட்டும் 20,000 ரூபாய். அசல் அப்படியே நின்றிருக்கும்.

எல்லாருக்கும் இப்படி வழி கிடைத்துவிடாது. ஆனால் எழுதிப் பார்க்காமல் வழி தெரியாது.

3. சேர்ந்து கேளுங்கள்

சில கவலை நம் மனதால் வருவதில்லை. வேலை இடத்தில் உள்ள கொடுமையால் வருகிறது. அதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. செல்வியும் அவளோடு தைக்கும் பெண்களும் சேர்ந்து மேலாளரிடம் போனார்கள். "தண்ணீர் குடிக்கவும் கழிவறைக்குப் போகவும் நேரம் வேண்டும்" என்று கேட்டார்கள். ஒருத்தி கேட்டால் திட்டு விழும். பத்துப் பேர் கேட்டால் பதில் வரும்.

வீட்டிலும் அப்படித்தான். சமையல், துணி, தண்ணீர் எல்லாம் ஒருத்தி தலையில் விழக்கூடாது. ஆண்களும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

4. மூச்சை மெதுவாக விடுங்கள்

நேராக உட்காருங்கள். கண்ணை மூடுங்கள். மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுங்கள். மனதுக்குள் 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். பிறகு 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் செய்யுங்கள். மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு மெல்ல அடங்கும். பேருந்திலும் செய்யலாம். காசு செலவு இல்லை.

5. நடங்கள், தூங்குங்கள்

தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் உடல் இறுக்கம் தளரும். இரவில் ஒரே நேரத்தில் படுங்கள். மாலைக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். படுக்கையில் கைபேசி பார்க்க வேண்டாம்.

6. மதுவும் புகையும் மருந்து இல்லை

குடித்தால் கவலை மறப்பது போல இருக்கும். ஆனால் தூக்கம் கெடும், பணம் போகும், சண்டை வரும். மறுநாள் கவலை இரட்டிப்பாகும். பீடி, சிகரெட், புகையிலை எல்லாம் அப்படியே. புகை காயம் ஆறுவதையும் தாமதமாக்கும்.

7. தோலைப் பேணுங்கள்

அதிகச் சூடான நீரில் குளிக்காதீர்கள். இளஞ்சூடு போதும். சோப்பை அளவாகப் போடுங்கள். குளித்துத் துடைத்ததும், தோலில் ஈரப்பசை இருக்கும்போதே வறண்ட இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புண் இருந்தால் எதையும் தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செல்வி மருத்துவர் சொன்னபடி மருந்து தடவினாள். நகத்தை வெட்டினாள். இரவில் கழுத்தில் ஈரத் துணி வைத்தாள். மூன்று மாதத்தில் தோல் மிருதுவாகத் தொடங்கியது. அரிப்பு முழுதும் போகவில்லை. வேலை அதிகமான நாளில் இன்றும் வருகிறது. ஆனால் அது எதனால் வருகிறது என்று அவளுக்கு இப்போது தெரியும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

• இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை.
• எதிலும் பிடிப்பு இல்லை. அழுகை அடிக்கடி வருகிறது.
• வேலை செய்ய முடியவில்லை.
• தோலில் புண், சீழ், காய்ச்சல் இருக்கிறது.
• தேமலில் உணர்வு இல்லை.

திடீர்த் தடிப்போடு உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

"வாழ்ந்து என்ன பயன்?" என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். உடனே யாரிடமாவது சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். இது 'டெலி மானஸ்' என்னும் அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. நாள் முழுவதும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

மனநல மருத்துவரிடம் போவது வெட்கம் இல்லை. போகிறவர் பைத்தியம் என்று பொருளும் இல்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போலத்தான் இதுவும். அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெற எல்லாருக்கும் உரிமை உண்டு. 2017-ல் வந்த மனநலச் சட்டம் இந்த உரிமையைத் தந்திருக்கிறது.

நினைவில் வையுங்கள்

• கவலை தோல் நோயைக் கூட்டும். ஆனால் எல்லாத் தோல் நோய்க்கும் கவலை காரணம் இல்லை.
• "கவலைப்பட்டு நீயே வரவழைத்தாய்" என்று நோயாளியைக் குறை சொல்லக்கூடாது.
• சொறிந்தால் நோய் வளரும்.
• கடையில் கேட்டு வாங்கும் களிம்பு ஆபத்து.
• உதவிக்கு 14416.

புதிய சொற்கள்

சுரப்பி, மன அழுத்தம், கரப்பான், படர்தாமரை, மேற்பார்வையாளர், அசல், சராசரி

பதில் சொல்லுங்கள்

1. தோல் செய்யும் வேலைகளில் மூன்றைச் சொல்லுங்கள்.
2. செல்வி ஏன் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள்?
3. மருத்துவர் ஏன் பஞ்சால் தொட்டுப் பார்த்தார்?
4. சிரங்கு வந்தால் வீட்டில் எல்லாரும் ஏன் மருந்து போட வேண்டும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. மேல்தோல் புதிதாக ஏறக்குறைய ____ முதல் ____ வாரம் ஆகும்.
2. தொட்டால் உணர்வு இல்லாத தேமல் ____ நோயின் அறிகுறி.
3. மனநல உதவி எண் ____.

கணக்குப் போடுங்கள்

10,000 ரூபாய் கடனுக்கு நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி. ஒரு மாத வட்டி எவ்வளவு? ஒரு வருட வட்டி எவ்வளவு?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் பெண்களுக்கு அதிகக் கவலை தருவது எது? ஆண்களுக்குக் கவலை தருவது எது? ஒருவர் தனியாகத் தீர்க்க முடியாத கவலை எது? எல்லாரும் சேர்ந்தால் அதில் எதை மாற்றலாம்?

எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம் உங்கள் மூன்று கவலைகளை எழுதுங்கள். வலது பக்கம், ஒவ்வொன்றுக்கும் இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை எழுதுங்கள். யாரிடம் உதவி கேட்கலாம் என்று அவருடைய பெயரையும் எழுதுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வாரம் எடுத்துப் படியுங்கள்.